பனியில் ஒரு முழு நாள் நடை: ஹோப்பிலிருந்து எடேல் வரை

இங்கிலாந்தில் பனி கொட்டினால் அது தரையில் தங்குவது பெரும்பாலும் இரண்டு மூன்று நாள்தான். அதற்குள் கிளம்பினால் உண்டு, இல்லையென்றால் அடுத்த வருடம். அப்படிக் கிடைக்கும் ஒரு சனிக்கிழமையை எங்கே செலவழிப்பது என்று கேட்டால், யோசிக்காமல் நான் சொல்லும் இடம் பீக் டிஸ்ட்ரிக்ட். 1951-இல் பிரிட்டனின் முதல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பகுதி. அதிலும் ஹோப் என்ற ஊரில் ரயிலிலிருந்து இறங்கி, லோஸ் ஹில், பேக் டோர், மாம் டோர் என்று ஒரு மலை முகட்டின் மேலேயே நடந்து, எடேலில் இறங்கி ரயில் பிடிக்கும் வழி. முழுசாகப் போனால் சுமார் 16 கிலோமீட்டர், ஏற்றம் எல்லாம் சேர்த்து 600 மீட்டருக்குக் கொஞ்சம் மேல்.

இதைவிட அழகான மலைகள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பனிக்காலத்தில் அழகை மட்டும் பார்த்து வழியைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. எத்தனை இடத்தில் பாதியில் இறங்க முடியும் என்று பார்க்க வேண்டும். இந்த முகட்டில் மூன்று இடத்தில் தாராளமாக இறங்கலாம், மூன்றும் ஊருக்குத்தான் போகும். எதிர்ப்பக்கம் 636 மீட்டர் உயரத்தில் நிற்கும் கிண்டர் ஸ்கௌட் அப்படி இல்லை. மேலே போய்விட்டால் கண்ணுக்கெட்டிய தூரம் தட்டையான சதுப்பு, எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி. பனியும் மூடுபனியும் சேர்ந்தால் திசைகாட்டி பழகியவர்களே அங்கே தடுமாறுவார்கள். பனியில் முதல் நடைக்கு அது வேண்டாம்.

எந்த நாள்?

பனியில் நடப்பதற்குக் கால் வலுவைவிட வெளிச்சம்தான் முக்கியம். டிசம்பர் கடைசியில் இங்கே சூரியன் காலை 8:20 வாக்கில் எழுந்து, மாலை 3:50-க்கெல்லாம் மறைந்துவிடும். கையில் இருப்பது ஏழரை மணி நேரம். பிப்ரவரி நடுவில் காலை 7:30-இலிருந்து மாலை 5:15 வரை, கிட்டத்தட்ட பத்து மணி நேரம் கிடைக்கும். பனி விழும் வாய்ப்பும் டிசம்பரைவிட ஜனவரி, பிப்ரவரியில்தான் அதிகம். கிறிஸ்துமஸ் விடுமுறையில் போகத்தான் எல்லோருக்கும் ஆசை. நான் பிப்ரவரியைத்தான் சொல்வேன்.

நேரத்தைக் கணக்குப் போட ஒரு பழைய விதி இருக்கிறது. 1892-இல் ஸ்காட்லாந்து மலையேறி நெய்ஸ்மித் சொன்னது. இன்றைய அளவில் சொன்னால் 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். நம் வழிக்குப் போட்டால் நாலேகால் மணி நேரம் வரும். இது பனி இல்லாத தரைக்கு. கணுக்கால் அளவு பனி என்றால் ஒன்றரை மடங்காக்குங்கள். முழங்காலைத் தொட்டால் இரண்டு மடங்கு, அன்றைக்கு முழு வழியை மறந்துவிடலாம். ஒன்றரை மடங்கு என்றாலே ஆறரை மணி நேரம். டீ குடிக்க, படம் எடுக்க, கையுறையைக் கழற்றி மாட்ட என்று நின்றால் ஏழு மணி நேரம். காலை 9-க்கு ஹோப்பில் கிளம்பினால் எடேல் வந்து சேர மாலை 4. டிசம்பரில் அது இருட்டு, பிப்ரவரியில் நல்ல வெளிச்சம். அதனால் டிசம்பரில் போகிறவர்கள் மாம் டோரோடு முடித்துக்கொண்டு இறங்கிவிட வேண்டும். அதுவே 11 கிலோமீட்டர், குறைச்சல் ஒன்றும் இல்லை.

அடுத்தது வானிலை. டிவியில் பக்கத்து நகரமான ஷெஃபீல்டுக்குச் சொல்லும் வெப்பநிலையைப் பார்த்துக் கிளம்பாதீர்கள். பிரிட்டனின் வானிலை மையமான மெட் ஆபீஸ் மலைகளுக்கென்று தனி அறிக்கை போடுகிறது, பீக் டிஸ்ட்ரிக்டுக்கும் உண்டு. அதில் மூன்று விஷயம் பாருங்கள்: மேலே காற்றின் வேகம், மேகம் எவ்வளவு தாழ்வாக இருக்கும், மறுபடி பனி எப்போது விழும். ஹோப்பைவிட முகட்டின் உச்சி 380 மீட்டர் உயரம். அதனாலேயே இரண்டு மூன்று டிகிரி குறையும். ஆனால் உண்மையில் ஆளை வதைப்பது காற்று. 0 டிகிரியில் மணிக்கு 40 கிலோமீட்டர் காற்று அடித்தால் உடம்புக்கு அது மைனஸ் 7 மாதிரி. முகட்டில் அந்த வேகம் சாதாரணம். 60-க்கு மேல் சொல்லியிருந்தால், அல்லது பனிக்கு ஆம்பர் எச்சரிக்கை (மஞ்சளுக்கு மேல், சிவப்புக்குக் கீழ்) போட்டிருந்தால், போர்த்திக்கொண்டு தூங்குங்கள்.

எந்தப் பக்கமிருந்து நடப்பது என்பதையும் காற்றே முடிவு செய்யட்டும். ஹோப்பிலிருந்து எடேல் என்றால் மேற்கு நோக்கி நடக்கிறோம். இங்கே பனி வருவது பல நேரம் வடக்கு, கிழக்குக் காற்றோடு, அப்போது அது முகத்தில் அடிக்காது, கிழக்குக் காற்று என்றால் முதுகிலேயே தள்ளும், சுகம். மேற்குக் காற்று என்றால் எடேலில் இறங்கி ஹோப் நோக்கி நடங்கள். பனித்துகள் கலந்த காற்றை ஐந்து மணி நேரம் முகத்தில் வாங்கினால் கண்ணைத் திறக்க முடியாது. ஷெஃபீல்டிலிருந்து வருகிறவர்களுக்கு ரயிலிலேயே சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. பள்ளத்தாக்கில் 132 மீட்டர் உயரத்துக்குச் சிமென்ட் ஆலையின் புகைபோக்கி ஒன்று நிற்கும். புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்துவிட்டு ஹோப்பில் இறங்குவதா, எடேலில் இறங்குவதா என்று முடிவு செய்யலாம். இரண்டும் அடுத்தடுத்த நிலையங்கள்தான். டிக்கெட்டை மட்டும் தூரத்து நிலையம் வரைக்கும் எடுத்துக்கொள்ளுங்கள்.

உடுப்பு

ஜீன்ஸ் வேண்டாம். இதைச் சொல்லாமல் இந்த வழிகாட்டியில் வேறு எதைச் சொன்னாலும் பிரயோஜனமில்லை. பருத்தி ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், காயாது. பனி ஒட்டி உருகி முழங்கால் வரை நனைந்த ஜீன்ஸ் காற்றில் விறைத்துத் தகரம் மாதிரி ஆகிவிடும். உள்ளே போடும் பருத்தி பனியனுக்கும் இதே கதிதான். ஏற்றத்தில் வியர்க்கும், உச்சியில் நின்றதும் அந்த வியர்வை முதுகோடு குளிர்ந்து ஒட்டும்.

உடம்போடு ஒட்டி மெரினோ கம்பளி அல்லது பாலியஸ்டர் பனியன். அதற்கு மேல் ஒரு ஃப்ளீஸ். எல்லாவற்றுக்கும் மேல் காற்றும் நீரும் புகாத ஜாக்கெட், தலைமூடியோடு. காலுக்கு நடைக்கென்று விற்கும் மெல்லிய பேன்ட், அதன் மேல் மாட்ட மழைப் பேன்ட். இவை போக, தடிமனான இன்னொரு ஜாக்கெட் பையிலேயே இருக்கட்டும். நிற்கும்போது மட்டும் போட. கிளம்பும்போது கொஞ்சம் குளிருகிற மாதிரி இருந்தால் அதுதான் சரியான அளவு. பத்து நிமிட ஏற்றத்தில் சூடாகிவிடும். நம்மவர்கள் வீட்டிலிருந்தே ஐந்து சட்டை போட்டுப் புறப்பட்டு, லோஸ் ஹில் பாதியில் வியர்வையில் நனைந்து நிற்பதுதான் வழக்கமாக நடப்பது. சூடு ஏறுவதற்கு முன்னால் ஒன்றைக் கழற்றுங்கள், குளிர் ஏறுவதற்கு முன்னால் ஒன்றைப் போடுங்கள். சோம்பேறித்தனம் பார்க்கக் கூடாது.

கையுறை இரண்டு ஜோடி. ஒன்று நிச்சயம் நனையும். காதை மூடும் கம்பளித் தொப்பி, கழுத்துக்கு ஒரு துணி. வெயில் அடிக்கும் நாளென்றால் கறுப்புக் கண்ணாடியும் வேண்டும். பனியில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் கண்ணைக் கூசவைக்கும்.

காலணி: கணுக்காலை மூடும், அடிப்பாகத்தில் ஆழமான பள்ளம் உள்ள பூட்ஸ். வாங்கும்போது தடிமனான சாக்ஸ் போட்டுப் பாருங்கள். இரண்டு சாக்ஸைத் திணித்து இறுக்கினால் ரத்த ஓட்டம் குறைந்து விரல்கள் இன்னும் சீக்கிரம் மரத்துப்போகும். பூட்ஸுக்குள் பனி விழாமல் இருக்க முழங்காலுக்குக் கீழ் சுற்றிக் கட்டும் கெய்ட்டர் நல்லது.

அப்புறம் மைக்ரோஸ்பைக்ஸ். பூட்ஸின் மேல் இழுத்து மாட்டும் ரப்பர் வளையம், அதன் அடியில் சங்கிலியும் சின்னச் சின்ன இரும்புப் பற்களும். இந்த வழிக்கு நான் கட்டாயம் என்று சொல்லும் ஒரே கருவி இதுதான். புதிதாக விழுந்த பனி வழுக்காது, காலைப் பிடித்துக்கொள்ளும். ஆபத்து மூன்றாம் நாள் பனியில். நூறு பேர் மிதித்து அழுத்தி, பகலில் லேசாக உருகி, ராத்திரி மறுபடி உறைந்து, பாதை முழுக்கக் கண்ணாடி ஆகிவிடும். இந்த முகட்டுப் பாதையில் நெடுந்தூரம் கல் பலகை பதித்திருக்கிறார்கள், கோடையில் மண் அரிக்காமல் இருப்பதற்காக. அதே கல்தான் பனிக்காலத்தில் ஐஸ் படிவதற்கு வசதி. பற்கள் இல்லாமல் அதில் நடந்தால் ஒவ்வொரு அடியும் பிரார்த்தனைதான்.

பையில் என்ன?

பிரிட்டனின் நில அளவை நிறுவனமான ஆர்டினன்ஸ் சர்வேயின் ஓஎல் 1 வரைபடம், காகிதத்தில். 1:25,000 அளவு. ஒவ்வொரு வயல் சுவரும் அதில் கோடாக இருக்கும். பாதை பனியில் மறைந்த பிறகு அந்தச் சுவர்கள்தான் உங்களுக்கு வழி. போனிலும் வரைபடத்தை இறக்கி வையுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் குளிரில் போன் பேட்டரி 40 சதவீதத்தில்கூடத் திடீரென்று அணைந்துவிடும். ஜாக்கெட்டின் உள்பையில், உடம்புச் சூட்டில் வைத்திருங்கள். பவர் பேங்கையும் அதே மாதிரி.

ஹெட் டார்ச் ஒன்று, பகலிலேயே திரும்பிவிடுவேன் என்றாலும். ஒரு விசில். ஆரஞ்சு நிறத்தில் ஆள் உயரத்துக்கு விற்கும் பிளாஸ்டிக் பை, விழுந்து அடிபட்டால் உள்ளே நுழைந்து காற்றிலிருந்து தப்ப. விலை கொஞ்சம்தான். உட்காருவதற்கு ஒரு துண்டு ஃபோம், பனியில் நேரடியாக உட்கார்ந்தால் ஐந்து நிமிடத்தில் சூடெல்லாம் போய்விடும். எல்லாவற்றையும் பைக்குள் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கட்டுங்கள்.

சாப்பாட்டில் நம் பழக்கம் கொஞ்சம் மாற வேண்டும். எலுமிச்சை சாதமும் இட்லியும் இந்தக் குளிரில் கல்லாகிவிடும், உட்கார்ந்து பிசைந்து சாப்பிடவும் நேரமில்லை. கையுறையோடு எடுத்து வாயில் போடக்கூடியதுதான் இங்கே உணவு. எள்ளுருண்டை, பேரீச்சை, முந்திரி, சப்பாத்திக்குள் உருளைக்கிழங்கு வைத்துச் சுருட்டியது. கடலை மிட்டாய் பிரமாதம், ஆனால் வீட்டிலேயே சின்னத் துண்டாக உடைத்துவிடுங்கள். குளிரில் முழுத் துண்டைக் கடித்தால் பல் மருத்துவரைப் பார்க்க வேண்டி வரும். மணிக்கு ஒரு முறை ஏதாவது வாயில் போடுங்கள், பசிக்கும் வரை காத்திருக்காதீர்கள்.

ஃபிளாஸ்கில் முதலில் கொதிநீர் ஊற்றி ஐந்து நிமிடம் வைத்துக் கொட்டிவிட்டு, அப்புறம் டீயை ஊற்றினால் மதியம் வரை சூடு நிற்கும். இஞ்சி தட்டிப் போட்டு, வழக்கத்தைவிட ஒரு ஸ்பூன் சர்க்கரை கூட. தண்ணீர் பாட்டிலைத் தலைகீழாக வையுங்கள். மேல்பரப்புதான் முதலில் உறையும், தலைகீழாக இருந்தால் மூடிப் பக்கம் உறையாது.

கடைசியாக, எந்த வழியாகப் போகிறோம், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். பாதியில் வழியை மாற்றினால் ஒரு மெசேஜ். பள்ளத்தாக்கில் பல இடத்தில் சிக்னல் கிடைக்காது, முகட்டில் இருக்கும்போதே அனுப்பிவிடுங்கள்.

ரயில்

காரில் வர நினைக்காதீர்கள். பனி விழுந்தால் இந்தப் பக்கம் முதலில் மூடும் சாலைகளில் விண்ணட்ஸ் கணவாயும் ஸ்நேக் கணவாயும் உண்டு. ஷெஃபீல்டையும் மான்செஸ்டரையும் இணைக்கும் ஹோப் பள்ளத்தாக்கு ரயில் பாதை 1894-இல் முழுதாகத் திறந்தது. ஷெஃபீல்டிலிருந்து ஹோப் அரை மணி நேரம், மான்செஸ்டரிலிருந்து எடேல் முக்கால் மணி நேரம். சின்ன நிலையங்களில் நிற்கும் வண்டிகள் ஏறக்குறைய மணிக்கு ஒன்றுதான். அதனால் திரும்பும் வண்டிகளின் நேரத்தை ஒரு காகிதத்தில் எழுதி எடுத்துப்போங்கள்.

ஷெஃபீல்டிலிருந்து வருகிறவர்கள் ஐந்தரை கிலோமீட்டருக்கும் மேல் நீளமான டோட்லி சுரங்கத்தைக் கடக்க வேண்டும். ஊரில் வெறும் தூறலாக இருக்கும், சுரங்கத்தை விட்டு வெளியே வந்தால் வெள்ளையாக இருக்கும். பனி இருக்கிறதா இல்லையா என்று ஜன்னலோரம் முகத்தை ஒட்டிக்கொண்டு காத்திருக்கும் அந்தச் சில நிமிடம் எனக்குப் பிடிக்கும்.

ஹோப்பிலிருந்து லோஸ் ஹில்

நிலையம் ஊருக்குச் சற்று வெளியே. முதலில் ஊருக்குள் நடந்து, தேவாலயத்தைத் தாண்டி எடேல் சாலையில் திரும்பி, பிறகு லோஸ் ஹில் பண்ணைப் பக்கம் ஏறும் வயல் பாதையைப் பிடிக்க வேண்டும். பாதையைக் காட்டும் மஞ்சள் அம்புக்குறி கம்பங்களில் இருக்கும், பனி அப்பியிருந்தால் கையால் துடைத்துப் பாருங்கள்.

இந்த வயல்களில்தான் பனியில் நடக்கப் பழகிக்கொள்ள வேண்டும். காற்று பனியைத் தள்ளிக்கொண்டு வந்து கற்சுவரின் மறுபக்கத்தில் குவிக்கும். சுவரோரம் இடுப்பளவு, நாலடி தள்ளினால் கணுக்கால் அளவு. இருபுறமும் சுவர் எழுந்த பள்ளமான சந்துகள் முழுக்க நிரம்பிவிடும். புல் நுனி வெளியே தெரியும் இடமாகப் பார்த்துக் கால் வைத்தால் பனி மெலிசாக இருக்கும். ஆனால் கோரைப்புல் கொத்தாகத் தெரிந்தால் ஒதுங்குங்கள், அதற்கு அடியில் சதுப்பு. மேலே பனி படிந்திருந்தாலும் சதுப்பு உறையாமல் இருக்கலாம், கால் உடைத்துக்கொண்டு உள்ளே போகும், பூட்ஸுக்குள் சேறும் ஐஸ் தண்ணீரும்.

வேலியைத் தாண்ட வைத்திருக்கும் மரப் படிகளில் நடுவில் மிதிக்காதீர்கள், கம்பத்தை ஒட்டி மிதியுங்கள். இறங்கும்போது ஏணியில் இறங்குகிற மாதிரி படியைப் பார்த்தபடி. கேட்டைத் திறந்தால் மூட வேண்டும். பனி அடைத்துக்கொண்டு மூட முடியவில்லை என்றால் காலால் ஒதுக்கிவிட்டு மூடுங்கள். ஆடுகள் சுவரோரம் காற்றுக்கு ஒண்டி நின்றால் சுற்றிப் போங்கள். பனிக்காலத்தில் அவற்றில் பல சினையாக இருக்கும், விரட்டி ஓடவிடக் கூடாது.

300 மீட்டர் ஏற்றம், கடைசிப் பகுதி செங்குத்து. பாதை மறைந்திருந்தால் பூட்ஸ் நுனியால் பனியில் இரண்டு முறை உதைத்துப் படி செய்துகொண்டு ஏறுங்கள். முன்னால் போகிறவர் போட்ட படியிலேயே பின்னால் வருகிறவர் கால் வைக்கலாம். முன்னால் போகும் வேலையை மாற்றி மாற்றிச் செய்தால் யாரும் களைக்க மாட்டார்கள்.

உச்சி 476 மீட்டர். நாலாப்பக்கமும் தெரியும் மலைகளின் பெயரைப் பொறித்த திசைத் தகடு ஒன்று நிற்கிறது. இந்த இடத்துக்கு வார்ட்ஸ் பீஸ் என்று பெயர். சாதாரணத் தொழிலாளிகளும் இந்த மலைகளில் நடக்க உரிமை வேண்டும் என்று ஷெஃபீல்டில் 1900-இல் நடைக்குழு தொடங்கிப் போராடிய ஜி.எச்.பி. வார்டுக்கு, நடைக்காரர்கள் 1945-இல் இந்த நிலத்தை வாங்கிக் கொடுத்தார்கள். அவர் அதை வைத்துக்கொள்ளாமல், இயற்கை இடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பிடம் ஒப்படைத்துவிட்டார்.

இங்கே மணி பாருங்கள். 11-ஐத் தாண்டியிருந்தால், மாம் டோருக்கு அப்பால் தொடரும் ரஷப் எட்ஜ் முகடு இன்றைக்குக் கிடையாது என்று இப்போதே முடிவு செய்துவிடுங்கள்.

பேக் டோர்

மைக்ரோஸ்பைக்ஸை லோஸ் ஹில்லிலேயே, சமதரையில் உட்கார்ந்து மாட்டிக்கொள்ளுங்கள். வழுக்க ஆரம்பித்த பிறகு ஒற்றைக்காலில் நின்று மாட்டுவது சர்க்கஸ். கால்பெருவிரல் பக்கம் முதலில், பிறகு குதிகால் பட்டையை இழுத்து மேலேற்ற வேண்டும். குளிரில் ரப்பர் இறுகியிருக்கும், ரயிலில் வரும்போதே ஜாக்கெட்டுக்குள் வைத்திருந்தால் இளகி இருக்கும்.

பேக் டோரின் உச்சியில் வேலியோரம் ஒற்றை மரம். இந்தப் பக்கம் கேமரா தூக்கும் எல்லோரும் அதைப் படம் எடுத்திருப்பார்கள். எடுங்கள், ஆனால் வலது பக்கம் வடக்கு முகமாகப் பாறை செங்குத்தாக விழுகிறது. காற்று பனியை விளிம்புக்கு வெளியே கூரை மாதிரி நீட்டி வைத்திருக்கும், பார்த்தால் திடமான தரை போலவே இருக்கும், கீழே ஒன்றும் இருக்காது. விளிம்பிலிருந்து நாலைந்து மீட்டர் உள்ளேயே நில்லுங்கள்.

முழு நடையிலும் கஷ்டமான இடம் இதற்கு அடுத்து வரும் சிறு இறக்கம்தான். கல்லும் அரித்த மண்ணும் கலந்த சரிவு, நிறையப் பேர் மிதித்து ஐஸ் ஆகியிருக்கும். குதிகாலை ஊன்றி உடம்பைப் பின்னால் சாய்ப்பதுதான் இயல்பாக வரும். அப்படிச் செய்தால் கால் முன்னால் நழுவி, பின்பக்கமாக விழுவீர்கள். முழங்காலை லேசாக மடக்கி, உடம்பை முன்னால் கொண்டுவந்து, பாதம் முழுவதும் பதிய, சின்னச் சின்ன அடியாக வையுங்கள். எல்லாப் பற்களும் ஐஸில் இறங்க வேண்டும். பாதையின் நடுவில் மின்னும் தடத்தை விட்டுவிட்டு, ஓரத்தில் மிதிபடாத பனியில் இறங்கினால் இன்னும் சுலபம். கூட்டமாக இருந்தால் ஒருவர் கீழே போய்ச் சேர்ந்த பிறகு அடுத்தவர் இறங்கட்டும். ஒருவர் சறுக்கினால் கீழே நிற்பவரையும் சேர்த்துத்தான் தள்ளுவார்.

ஹாலின்ஸ் கிராஸ்

முகட்டின் தாழ்வான இடம். நாலு பக்கமிருந்தும் பாதைகள் இங்கே வந்து சேரும். எடேலுக்குச் சொந்தத் தேவாலயம் வருவதற்கு முன்னால், அந்த ஊர்க்காரர்கள் சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு இதைத் தாண்டித்தான் மறுபக்கம் போய் அடக்கம் செய்தார்கள். பிறகு மறுபக்கத்து ஊரான காசில்டனிலிருந்து எடேல் பருத்தி ஆலைக்கு வேலைக்குப் போனவர்களும் இதே வழியில்தான் ஏறி இறங்கினார்கள். நமக்கு இது முதல் தப்பிக்கும் வழி. வலது பக்கம் இறங்கினால் எடேல், இடது பக்கம் காசில்டன். யாருக்காவது கால் வலி, மேகம் இறங்குகிறது, பனி மறுபடி கொட்ட ஆரம்பிக்கிறது என்றால் இங்கேயே இறங்கிவிடலாம். 12:15-க்குள் இங்கே வரவில்லை என்றாலும் அப்படியே.

மாம் டோர்

ஹாலின்ஸ் கிராஸிலிருந்து கல் பாவிய பாதை சீராக ஏறும். 517 மீட்டர் உச்சியில் அளவைத் தூண். வெண்கலக் காலத்திலேயே ஆட்கள் குடியிருந்த, பிறகு கோட்டையாக அரண் போட்ட இடம் இது. அந்த அரணின் மேடு பள்ளங்கள் கோடையில் புல்லில் மறைந்துவிடும். மெல்லிய பனி விழுந்து வெயில் சாய்வாக அடிக்கும் நாளில் நிழல் விழுந்து வளையமாகத் தெரியும்.

தென்கிழக்குப் பக்கம் மலை பாதி இடிந்து விழுந்திருப்பதைப் பார்க்கலாம். களிக்கல்லும் மணற்கல்லும் மாறி மாறி அடுக்கிய மலை, மழை ஊறி ஊறிச் சரிந்துகொண்டே இருக்கிறது. அடிவாரத்தில் போட்ட நெடுஞ்சாலையைப் பல தடவை பழுது பார்த்து அலுத்து, 1979-இல் கைவிட்டுவிட்டார்கள். அந்த விளிம்பிலும் பனிக்கூரை உண்டு. தூணுக்கு அருகிலேயே பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். காற்று அடிக்கும் உச்சி சாப்பிடும் இடமில்லை.

மேற்குப் பக்கம் படிகளில் இறங்கினால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் மாம் நிக். முகட்டை வெட்டிச் சாலை போகும் இடம். இங்கே காற்றுக்கு மறைவாக ஒதுங்கி, முதலில் தடிமன் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, அப்புறம் ஃபிளாஸ்கைத் திறங்கள். இருபது நிமிடம் போதும்.

இங்கேதான் பெரிய முடிவு. மதியம் 1 மணிக்குள் கிளம்ப முடியும், மேகம் உயரமாக இருக்கிறது, யாருக்கும் நடுக்கம் இல்லை, மாதம் பிப்ரவரி என்றால் ரஷப் எட்ஜ் போகலாம். நாலில் ஒன்று இல்லை என்றாலும் வலது பக்கம் கிரீன்லாண்ட்ஸ் பண்ணை வழியாக எடேலுக்கு இறங்குங்கள், ஒரு மணி நேரத்தில் ஊர்.

ரஷப் எட்ஜ், சாப்பல் கேட்

கூட்டம் மாம் டோரோடு நின்றுவிடும். இங்கே மிதிபடாத பனி கிடைக்கும், அதனால் வேகமும் குறையும். அகலமான முகடு, 550 மீட்டரில் லார்ட்ஸ் சீட், வெண்கலக் காலப் புதைமேடு ஒன்றின் மேல். வலது பக்கம் எடேல் பள்ளத்தாக்கும் அதற்கு அப்பால் கிண்டரின் விளிம்பும் முழுசாகத் தெரியும். இதற்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தது.

லார்ட்ஸ் சீட்டைத் தாண்டி ஒன்றரை கிலோமீட்டருக்குள் சாப்பல் கேட் என்ற பழைய குதிரைப்பாதை குறுக்கே வரும், அதில் வலது பக்கம் திரும்ப வேண்டும். பனியில் தவறவிட வாய்ப்புள்ள ஒரே திருப்பம் இது. லார்ட்ஸ் சீட்டிலேயே வரைபடத்தைப் பார்த்து, அரை மணி நேரத்துக்கு மேல் நடந்தும் திருப்பம் வரவில்லை என்றால் நின்று போனில் இடத்தைச் சரிபாருங்கள். இறக்கத்தில் ஊற்றுநீர் பாதையிலேயே ஓடி உறைந்திருக்கும், மைக்ரோஸ்பைக்ஸைக் கழற்றாதீர்கள். கீழே பார்பர் பூத் என்ற சிற்றூர். அங்கிருந்து எடேல் நிலையம் அரை மணி நேரம். இருட்டத் தொடங்கியிருந்தால் வயல் பாதையை விட்டுச் சாலையிலேயே, ஹெட் டார்ச்சைப் போட்டுக்கொண்டு, எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி வலது ஓரமாக நடங்கள்.

குளிர் உடம்புக்குள் ஏறினால்

நடுங்குவது பரவாயில்லை, உடம்பு சூடு உண்டாக்கிக்கொள்கிறது என்று அர்த்தம். பேச்சு குழறுவது, கால் தடுமாறுவது, ஜிப்பைப் போட முடியாமல் விரல் திணறுவது, வழக்கமாகப் பேசுகிறவர் வாயை மூடிக்கொண்டு பின்தங்குவது, இவைதான் பயப்பட வேண்டியவை. "எனக்கு ஒன்றும் இல்லை" என்று அவரே சொல்வார், நம்பாதீர்கள். உடனே காற்றுக்கு மறைவாகக் கொண்டுபோய், நனைந்ததை மாற்றி, இருக்கும் எல்லா உடுப்பையும் போட்டு, ஆரஞ்சுப் பைக்குள் நுழைத்து, விழுங்க முடிந்தால் இனிப்பான டீ கொடுங்கள். கை கால்களைத் தேய்க்கக் கூடாது. பிராந்தி கொடுத்தால் சூடு வரும் என்பது தப்பு, மது தோலுக்கு ரத்தத்தைக் கொண்டுவந்து இருக்கும் சூட்டையும் வெளியேற்றிவிடும். நடுக்கம் நின்றும் ஆள் மந்தமாக இருந்தால் அது குணமல்ல, அவசரம்.

999-ஐக் கூப்பிட்டு முதலில் போலீஸ் கேளுங்கள், பிறகு மவுண்டன் ரெஸ்க்யூ. வருகிறவர்கள் தன்னார்வலர்கள், காசு கேட்க மாட்டார்கள். அதனால் செலவுக்குப் பயந்து தாமதிக்க வேண்டாம். பேசும் அளவு சிக்னல் இல்லாத இடத்தில் 999-க்கு மெசேஜ் போகலாம், ஆனால் 'ரெஜிஸ்டர்' என்று அந்த எண்ணுக்கு மெசேஜ் அனுப்பி முன்கூட்டியே பதிவு செய்திருக்க வேண்டும். இன்றைக்கே செய்து வையுங்கள். போன் செத்துவிட்டால் விசில்: ஒரு நிமிடத்துக்குள் ஆறு முறை, ஒரு நிமிடம் நிறுத்தம், மறுபடி ஆறு. பதிலுக்கு மூன்று முறை கேட்டாலும் நிறுத்தாமல் ஊதுங்கள், அந்தச் சத்தத்தை வைத்துத்தான் உங்களைக் கண்டுபிடிப்பார்கள்.

எடேலில்

நிலையத்தில் சூடான காத்திருப்பு அறை கிடையாது. வண்டிக்கு அரை மணி நேரம் இருந்தால் நடைமேடையில் நிற்காதீர்கள். பக்கத்திலேயே ராம்ப்ளர் இன் என்ற பப் இருக்கிறது, குடிக்காதவர்களுக்குச் சூப்பும் காபியும் கிடைக்கும். பூட்ஸை வாசலில் நன்றாகத் தட்டிவிட்டு நுழையுங்கள். உலர்ந்த சாக்ஸ் ஒரு ஜோடி பையில் மிச்சம் இருந்தால் இப்போது மாற்றுங்கள், ரயில் பயணம் முழுக்க அதன் அருமை தெரியும்.

வீட்டுக்குப் போனதும் அசதியில் பையை அப்படியே மூலையில் போட்டுவிடத் தோன்றும். மைக்ரோஸ்பைக்ஸை மட்டுமாவது அன்றைக்கே கழுவித் துடைத்து வையுங்கள், ஈரத்தோடு விட்டால் சங்கிலி துருப்பிடிக்கும். பூட்ஸுக்குள் செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, ஹீட்டரிலிருந்து தள்ளி வையுங்கள். ஹீட்டர் மேலேயே வைத்தால் தோல் வெடித்து, ஒட்டிய அடிப்பாகம் பிரிந்துவிடும். தாளை ராத்திரி ஒரு முறை மாற்றினால் மறுநாளைக்குள் ஓரளவு காய்ந்துவிடும். பனி இன்னும் ஒரு நாள் நின்றால் தேவைப்படுமே.